பதினோரு வருஷ வருகை

ஒன்பதேகாலுக்கு மின்விசிறியைப் போட்டதும் அது வழக்கம்போல மூன்று தடவை முனகிவிட்டுத்தான் சுற்ற ஆரம்பித்தது. அந்தக் காற்றில் மேசைமேல் கிடந்த வருகைப் பதிவேட்டின் தாள்கள் படபடவென்று புரண்டு, இன்றைக்குக் கண்ணெடுத்தும் பார்க்கக் கூடாது என்று பிரமசக்தி எந்தப் பக்கத்தை நினைத்திருந்தாளோ சரியாக அந்தப் பக்கத்தில் வந்து நின்றன. சனியன், இதற்கும் இன்றைக்குத்தான் நேரம் வாய்த்தது. போன மாதம் பதினாலாம் தேதி. நூலகத்துக்குள் வந்தவர்கள் முப்பத்தாறு பேர், முப்பத்தாறு கையெழுத்து, அதற்குக் கீழே பக்கம் முடிகிறவரை வெற்றுக் கோடு. பதினைந்தாம் தேதி நாற்பத்தொன்று, கீழே வெற்றுக் கோடு. பதினாறு, பதினெட்டு, பத்தொன்பது, எல்லாம் அதே லட்சணம். இந்த இடத்தை விடச் சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளையும் புதுப் பக்கத்தில் தொடங்கினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, ஒரு மாதமாக அவள் கையே விட்டுக்கொண்டு வந்த இடம். திருடப் போகிறவன் முதல் நாளே கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கி வைக்கிற மாதிரி. சீ, நீயெல்லாம் யோக்கியமா என்று தன்னையே கேட்டாள். பதினொரு மணிக்கு ஆய்வாளர் வருகிறார். வருகை சராசரி எழுபத்தைந்துக்குக் குறைந்தால் கிளை நூலகம் பகுதி நேரமாக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பகுதி நேரம் என்றால் காலையில் இரண்டரை மணி நேரம், பேப்பரை விரித்துவைத்துத் திரும்ப மடித்து எடுக்கத் தினக்கூலிக்கு ஓர் ஆள். நூலகர் கிடையாது, புதுப் புத்தகம் கிடையாது. அவளை வேறு ஊருக்குத் தூக்கிப் போடுவார்கள். போடட்டும், மாற்றலுக்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை அவள். ஆனால் புதன்கிழமைப் பையை யார் தூக்குவார்கள்? இன்றைக்கும் புதன்கிழமைதான். பை மேசைக்கடியில் காலில் இடித்துக்கொண்டு கிடந்தது, இருபத்திரண்டு புத்தகத்தோடு.

"ஏம்மா பிரமு, நேரம் ஆவுதுல்லா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. ஆறுமுகநயினார் சார். அவளுக்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் இதே நாற்காலியில் இருந்த நூலகர். ஓய்வுபெற்று மூன்று வருஷமாகிறது, இப்போது வாசகர் வட்டத் தலைவர். தலைவருக்கு என்ன வேலை? காலையில் வந்து ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் என் காலத்தில் என் காலத்தில் என்று ஆரம்பிப்பது. உள்ளே வருகிற எல்லாரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி, சார் மட்டும் போடமாட்டார். நம்ம வீட்டுக்குள்ள வர நாம கையெழுத்துப் போடணுமா என்று சிரிப்பார். அவர் தலைக்கு மேலே சுவரில் கேடயம் தொங்குகிறது: மாவட்டத்தின் சிறந்த கிளை நூலகம், சராசரி வருகை நூற்று நாற்பத்திரண்டு. நூற்று நாற்பத்திரண்டாம்! கூடத்தில் இருக்கிறது இருபத்துநாலு நாற்காலி. ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்தாலும் கொள்ளுமா? கேடயம் கொடுத்தவனுக்குக் கண் இல்லையா? இருந்தது, எல்லாருக்கும் எல்லாம் தெரியும். சாயங்காலம் ஆனதும் சார் நாலு பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு, நீலத்தில் பத்து, கறுப்பில் பத்து, பச்சையில் பத்து என்று பெயர்களை எழுதித் தள்ளுவார் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். அதே ஊர்தான் இப்போது, நயினார் சார் காலத்தில் கூட்டம் அலைமோதும், இந்தப் பொம்பளை வந்த பிறகு ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறது என்கிறது. சொல்கிற ஒருத்தனாவது அன்றைக்கும் வந்ததில்லை, இன்றைக்கும் வந்ததில்லை. மேலிடத்திலிருந்து கடிதம் வேறு: தங்கள் பொறுப்பில் வாசகர் எண்ணிக்கை நூற்று நான்கு குறைந்துள்ளது, காரணம் தெரிவிக்கவும். என்ன காரணத்தைத் தெரிவிக்க? பிறக்காத நூற்று நாலு பேரை நான்தான் கழுத்தை நெரித்துக் கொன்றேன் என்று எழுதவா? "எடும்மா அந்த நோட்ட. ரெண்டு பேருமா உக்காந்தா ஒரு மணி நேர வேல. நான் எடது கையாலயும் எழுதுவேன், ஒரு பய கண்டுபிடிக்க முடியாது பாத்துக்கோ." சட்டைப் பையில் நாலு பேனாவும் தயாராக இருந்தன. அவள் முத்திரைக் கட்டையை எடுத்து, தேவையே இல்லாத ஒரு தாளில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

முப்பத்தெட்டு. சராசரி முப்பத்தெட்டு, வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணினாலும் அதுதான் வரும். தேர்வுக்குப் படிக்கிற பன்னிரண்டு பேர், பேப்பர் பார்க்கிறவர்கள், வீட்டில் கரண்ட் போனால் காற்றாட வந்து அப்படியே ஏதாவது ஒரு புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள், எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு உயிருள்ள ஆள். ஏன் கூடவில்லை? அவள் என்ன செய்யாமல் இருந்தாள்? ஆட்டோவில் மைக் கட்டினாள்; அந்த ஆட்டோக்காரன் நூலகத்தையும் பிளாஸ்டிக் நாற்காலி தள்ளுபடியையும் ஒரே மூச்சில் கூவிக்கொண்டு போனான். பேருந்து நிலையத்தில் தட்டி வைத்தாள். மறுநாளே அதன்மேல் யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலியை ஒட்டிவிட்டுப் போனார்கள், அவர் மீசையோடு சிரித்துக்கொண்டு நூலக நேரத்தை மறைத்தார். நூலக வாரத்துக்குப் பேரணி. இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய், கத்திக் கத்தித் தொண்டை கட்டி, உள்ளே வந்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மிட்டாய்த் தாளைப் போட்டுவிட்டுப் போன பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அன்றைக்குப் பூராவும் தாளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அவள்தான். படம் பிடித்து மேலே அனுப்பினார்கள், பாராட்டு வந்தது, அதற்குப் பாராட்டு! அப்புறம்தான் ஒரு நாள், ஆறு மாதமாகத் திரும்பாத ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கக் கீழத் தெருவுக்குப் போனாள். ஓட்டுச் சாய்ப்புக்கடியில் பதினோரு பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நூலகத்துக்கு வாங்களேன் என்று அசட்டுத்தனமாகக் கூப்பிட்டாள். செய்யதம்மாள் என்ற அந்த வாயாடி தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அங்க வந்து காலாட்டிக்கிட்டுப் படிச்சா இங்க எம்பங்கு ஆயிரம் பீடிய உங்க ஆபீசரா சுத்துவாரு?" சரி, நானே கொண்டு வந்து தந்தால்? "தந்தா மட்டும்? கை ரெண்டும் இலையில கெடக்கு. மூக்கால புரட்டவா?" எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஆனாலும் அடுத்த புதன்கிழமை பையோடு போனாள். வழி கண்டுபிடித்தது அவர்கள்தான். ஒருத்தி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகப் படிக்க வேண்டியது, கேட்கிறவர்கள் ஆளுக்கு இருபது பீடியைப் படிக்கிறவள் தட்டில் போட வேண்டியது, அவள் தொகை குறையாது. இப்போது நாலு இடத்தில் நடக்கிறது, அறுபத்தொரு பெண்கள். கதையில் வருகிற மாமியாரைத் திட்டித் தீர்ப்பார்கள், புருஷனை மன்னித்தவளோடு ஒரு வாரம் பேசமாட்டார்கள், அடுத்த வாரம் முடிவு தெரியாவிட்டால் பையைப் பிடுங்கிக்கொண்டு விடமாட்டார்கள். இதையெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பெயர் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். போன ஆய்வில் அந்த நோட்டை நீட்டியபோது ஆய்வாளர் வாங்கக்கூட இல்லை. "உள்ள வந்து கையெழுத்துப் போட்டாத்தாம்மா வாசகர். வெளிய இருந்து கேட்டா அது பொழுதுபோக்கு." பொழுதுபோக்காம். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிறவளுக்குப் போக்குவதற்குப் பொழுது எங்கே இருக்கிறது, படுபாவி மனுஷா.

அந்த எரிச்சலில்தான் அந்த யோசனை வந்தது, வந்ததும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அறுபத்தொன்றும் முப்பத்தெட்டும் தொண்ணூற்றொன்பது. சார் எழுதியதெல்லாம் ஆளில்லாத பெயர். இவர்கள் ஆள். இவர்கள் படிக்கிறார்கள், உள்ளே உட்கார்ந்து வரி விளம்பரம் பார்க்கிறவனைவிட உயிரைக் கொடுத்துப் படிக்கிறார்கள். வாசலைத் தாண்டவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா? இவர்கள் பெயரை அந்த வெற்றுக் கோட்டில் எழுதினால் அது பொய்யா? முழுப் பொய் இல்லை. பொய்யே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கண்டுபிடித்தால்? போலிப் பதிவு என்று மெமோ வரும், வேலையே போகும், இந்த வேலைக்கு அவள் பட்ட பாடு இந்தச் சுவருக்குத் தெரியுமா. ஆனால் யார் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடிக்க வேண்டியவனே எழுது எழுது என்றல்லவா காத்திருக்கிறான். நோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பதினாலாம் தேதிப் பக்கத்தில் முப்பத்தேழு என்று எண் போட்டு, எதிரே செய்யதம்மாள் என்று எழுதினாள். எழுதின கையோடு காது சூடாகிவிட்டது. கூடத்திலிருந்து சார் எட்டிப் பார்த்துவிட்டார், அவருக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ. "அப்படிப் போடு! இப்பத்தாம்மா நீ லைப்ரேரியன். அப்புறம் அந்தப் பின்னறையில எம்பழைய நோட்டெல்லாம் கெடக்கும், எடுத்து மேசையில அடுக்கி வை. ஒப்பிட்டுப் பாக்கணும்னு கேப்பாரு. அந்தக் காலத்துக் கணக்கப் பாத்தா ஆளு அசந்துருவாரு." அவரிடமிருந்து எழுந்து போனால் போதும் என்று இருந்தது அவளுக்கு. பின்னறைச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

பின்னறையில் உடைந்த நாற்காலி, கிழிந்த படம், கால் போன உலக உருண்டை, அவற்றுக்கு மேலே பரணில் பதிவேட்டுக் கட்டுகள். அழிக்கச் சொல்லி உத்தரவு வராததால் அழியாமல் கிடப்பவை. ஐந்து வருஷத்துக் கட்டு போதும், ஆனால் கயிறு அறுந்து மொத்தமும் சரிந்து தோளில் ஒரு அடி, தலையில் ஒரு அடி, கண் நிறையத் தூசி. வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டே குனிந்து பொறுக்கினாள். கீழே விரிந்து கிடந்தது இருபத்தாறு வருஷத்துக்கு முந்திய நோட்டு. சாரின் கைவண்ணம் அப்படியே இருந்தது, நீலம் இடப்பக்கம் சாய்ந்து, கறுப்பு வலப்பக்கம் சாய்ந்து, பச்சை மட்டும் நிமிர்ந்து குண்டு குண்டாக. அந்தப் பச்சையில் பதினேழாவது பெயர்: மு. பிரமசக்தி, ஒன்பதாம் வகுப்பு, கீழத் தெரு. முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, நம்ம பேரு. மறுநாள் பக்கத்திலும் இருந்தது. அதற்கு மறுநாளும். அந்த மாதம் முழுக்க, ஞாயிறு தவறாமல். அடுத்த நோட்டை எடுத்தாள், இருந்தது. அதற்கடுத்தது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பதினெட்டு வயதில் இருந்தாள், இருபது வயதில் இருந்தாள், பெருவெள்ளம் வந்து ஊரே மூழ்கிக் கிடந்த நாலு நாளும் இருந்தாள், எப்போதும் ஒன்பதாம் வகுப்பு. பதினோரு வருஷம் அவளை ஒரு வகுப்பு மேலே ஏற்றக்கூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. கை தானாக ஒரு தேதியைத் தேடியது, ஆகஸ்ட் இருபத்திரண்டு. அன்றைக்குத்தான் அவள் அப்பா செத்துப்போனார். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள் அவள், இரண்டு தெரு தள்ளி. ஆனால் இங்கேயும் வந்திருக்கிறாள், இருபத்துமூன்றாவது ஆளாக, பச்சை மையில். பிறகு முதல் நோட்டுக்குத் திரும்பப் போனாள். மே மாதம் முழுவதும் அவளுடைய நிஜக் கையெழுத்து, கோணல்மாணலாக, ஓடிப்போகப் பார்க்கிற எழுத்து. ஜூன் நாலாம் தேதியோடு அது முடிகிறது. ஜூன் ஐந்தாம் தேதி குண்டு எழுத்து ஆரம்பிக்கிறது.

ஜூன் நாலாம் தேதி அவளுக்கு நினைவில்லாமலா? நீள மேசையில் ஐந்தாறு ஆண்கள் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்க, ஓரத்தில் உட்கார்ந்து துருவப் பகுதியைப் பற்றி ஒரு படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். பனிக்கரடிக் குட்டி எத்தனை மாதம் குகைக்குள்ளேயே இருக்கும் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது, பாதி வரிதான் படித்திருந்தாள். பின்னாலிருந்து அண்ணன் சடையைப் பிடித்தான். பொட்டச்சிக்கு இத்தனை ஆம்பளைக நடுவுல என்னடி சோலி. இழுத்த இழுப்பில் பெஞ்சு கவிழ்ந்தது. பேப்பர் பார்த்தவர்கள் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். இந்த மேசையில், இதே நாற்காலியில், நயினார் சார் இருந்தார், முப்பத்தைந்து வயது, மெலிந்த மீசை. பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து பதிவேட்டில் ஏதோ எழுத ஆரம்பித்தார். மறுநாள் அவள் மடியில் தட்டு வந்து உட்கார்ந்தது, பள்ளிக்கூடமும் போச்சு. அவள் அவரைக் குறை சொன்னதே இல்லை, குடும்ப விஷயத்தில் வெளி மனுஷன் என்ன செய்வார் என்றுதான் நினைத்தாள். ஏன், அவரைத் தெய்வமாகவே அல்லவா வைத்திருந்தாள், அதுதான் இப்போது நெஞ்சில் குத்துகிறது. பதினோரு வருஷம் கழித்து, தனித்தேர்வாகப் பத்தாவது எழுத வேண்டும், புத்தகம் வேண்டும் என்று நடுங்கிக்கொண்டு இந்த வாசலை மிதித்தாளே, உறுப்பினர் அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு சார் பெயர் கேட்டார். பிரமசக்தி என்றாள், அவ்வளவுதான் சொன்னாள். அவர் தலை நிமிராமல் மு. பிரமசக்தி, கீழத் தெரு என்று எழுதினார். அப்பா பெயரின் முதல் எழுத்தை அவள் சொல்லவில்லை, தெருவைச் சொல்லவில்லை. நம்மை ஞாபகம் வைத்திருக்கிறார் என்று அன்றைக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், வேலைக்குச் சேர்ந்த ஊரில், பயிற்சி வகுப்பில், செய்யதம்மாளிடம்கூட: எங்க சார் பதினோரு வருஷம் என்னை மறக்கல. மறக்கவில்லைதான். மூளை மறந்திருக்கும், கை மறக்கவில்லை. அன்றோடு பச்சை மையில் அந்தப் பெயர் நின்றுபோயிருந்தது. இனி ஆளே வரும், எழுத வேண்டியதில்லை என்று விட்டிருப்பார். ஐயோ, எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

கட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள். ஜன்னலோரத்தில் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிதானமாக, வேட்டி நுனியால். போய்ப் பட்டென்று கேட்டுவிடலாம். கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். எழுதியதால்தான் இடம் தப்பியது என்பார். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதுதான் பெரிய வயிற்றெரிச்சல். அந்த நூற்று நாற்பத்திரண்டு இல்லாவிட்டால் இருபது வருஷத்துக்கு முன்பே இங்கே ரேஷன் கடை வந்திருக்கும். அவள் நடுங்கிக்கொண்டு வந்தபோது மிதிக்க ஒரு வாசல் இருந்திருக்காது. அவளும் இன்றுவரை ஓட்டுச் சாய்ப்புக்கடியில் உட்கார்ந்து ஆயிரம் எண்ணிக்கொண்டிருப்பாள். ஆக நன்றி சொல்ல வேண்டுமோ? அவளை வெளியே இழுத்துப் போகிறபோது குனிந்துகொண்டு, அவள் பெயரை மட்டும் உள்ளே உட்காரவைத்துக்கொண்டவருக்கு நன்றி? முடியாது. செத்தாலும் முடியாது. பதினோரு வருஷம் அந்த இன்னொரு பிரமசக்தி இங்கே மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தாள், பனிக்கரடியைப் படித்து முடித்திருப்பாள், எல்லாவற்றையும் படித்து முடித்திருப்பாள், அவளுக்குத்தான் கேடயம். விரல் நுனி தேய்ந்து, இருமி இருமிக் கிடந்தவள் இவள். அவள் இருந்ததால்தான் இவளை யாரும் தேடவில்லை. பதிவேட்டில் ஆள் இருக்கும்போது எவன் தேடுவான்? அந்த இடத்தில் நினைப்பு முள்ளில் மாட்டிய சேலையாக நின்றது, அதற்கு மேல் நகரவில்லை. மேசையில் பதினாலாம் தேதி விரிந்து கிடந்தது. முப்பத்தேழு, செய்யதம்மாள். நீல மை, இன்னும் பளபளப்புப் போகவில்லை. அவள் எழுத்தேதான், ஆனால் யார் கண்ணிலும் படாமலிருக்க அவளை அறியாமலே இடப்பக்கம் சாய்த்து எழுதியிருந்தாள். பாவி. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் நீயும் அதைத்தானே செய்தாய். செய்யதம்மாள் இந்நேரம் எங்கே இருக்கிறாள், கழுத்து வலியோடு எத்தனையாவது கட்டுக் கட்டுகிறாள், அவளை இங்கே உட்காரவைத்துவிட்டால் நாளைக்கு அவளைத் தேடி யார் போவார்கள்? சிவப்புப் பேனா எங்கே என்று இழுப்பறையைத் திறந்து குப்பையாகக் கலைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது.

ஆய்வாளர் தாணுலிங்கம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால்கூடச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பதிவேட்டைப் புரட்டினார். "முப்பத்தேழு, நாப்பத்தொண்ணு, முப்பத்தஞ்சு. என்னம்மா இது?" புரட்டிக்கொண்டே போய் வெற்றுக் கோடுகளைப் பார்த்தார், அவர் முகம் தெளிந்தது. "இடமெல்லாம் விட்டுத்தான வச்சிருக்கீங்க. நல்லது. நான் போயி ஒரு காப்பியக் குடிச்சிட்டு, பக்கத்து ஊரையும் பாத்துட்டு ரெண்டு மணிக்கு வாரேன். நயினார் சாரும் இருக்காரு, ஒத்தாசைக்கு. எனக்கும் இத மூடணும்னு ஆசையாம்மா?" எழுந்தே விட்டார். நயினார் சார் சட்டைப் பையிலிருந்து பேனாக்களை உருவிக்கொண்டு வந்தார். "ஒரு நிமிஷம் உக்காருங்க சார்" என்றாள் பிரமசக்தி. அளவுகோலை வைத்தாள், சிவப்பு மையால் பதினாலாம் தேதியின் வெற்று இடத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள். செய்யதம்மாள் பெயரையும் அடித்து, ஓரத்தில் தவறாக எழுதப்பட்டது என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். பதினைந்து. பதினாறு. பதினெட்டு. "ஏம்மா, ஏம்மா! கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்று சார் பதறினார். "ஒரு மாசத்தையும் பாழாக்கிட்டியே! எழுதலன்னா மூடிருவாம்மா. நான் எழுதுனதாலதான் நீ திரும்பி வந்தப்ப இந்தக் கதவு தொறந்து கெடந்துது, அத மறந்துராத." பத்தொன்பது, இருபது, கை நிற்கவில்லை, நேற்றைய பக்கம்வரை இழுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"மறக்கல சார்" என்று அந்தப் பழைய நோட்டைப் பிரித்து, இரண்டு பேருக்கும் நடுவில் போட்டாள், தூசி எழும்பியது. பச்சை மையில் விரலை வைத்தாள். "இந்தப் பிள்ள யாருன்னு தெரியுதா?" ஆய்வாளர் குனிந்து பார்த்தார். "பதினோரு வருஷம் வந்திருக்கா சார், ஒரு நாள் தவறல. அவ அப்பா செத்த அன்னைக்கும் வந்திருக்கா. ஊரு வெள்ளத்துல போனப்பவும் நீந்தி வந்திருக்கா. அது நான்தான். அந்தப் பதினோரு வருஷமும் நான் இந்த வாசல மிதிக்கல. கீழத் தெருவுல பீடி சுத்திக்கிட்டிருந்தேன்." சார் வாயைத் திறந்தார், என் கையில் பெயர் தட்டுப்பாடும்மா, தோன்றின பெயரை, என்று ஏதோ இழுத்தார். அவள் விடவில்லை. "எழுதினது தப்பு சரின்னு நான் கேக்க வரல. என்னைச் சடையப் பிடிச்சு இழுத்துட்டுப் போறத நீங்க பாத்திய. மறுநாளே எம்பேர எழுதுனிய. பதினோரு வருஷம், எங்க தெருவையும் சேத்து எழுதுனிய. ரெண்டு தெரு தள்ளி சார். ரெண்டே தெரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் பிள்ள ஏன் வரலன்னு வந்து கேட்டியளா?"

கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள், இந்தத் தடவை யாரும் பேப்பரால் மறைத்துக்கொள்ளவில்லை. ஆய்வாளர் மெதுவாக மறுபடி உட்கார்ந்து, தன் படிவத்தை எடுத்து, சராசரி என்ற இடத்தில் முப்பத்தெட்டு என்று எழுதினார். பிறகு கையை நீட்டி, "அந்த நாப்பது பக்க நோட்டு இருக்குல்லா, குடும்மா" என்றார். கடைசியில் குறிப்பு என்று இரண்டு விரற்கடை இடம் இருந்தது. அறுபத்தொன்று என்று அதில் எழுதினார், நாலு இடம் என்றும் எழுதினார். "நான் எழுதிருதேன். மேல உள்ளவங்க இதப் படிப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாதும்மா." படிக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த மாதமே இங்கே பூட்டுத் தொங்கலாம். பயம் இப்போதுதான் வந்தது, ஆனால் கோபம் அதற்கு இடம் விடவில்லை. நயினார் சார் நின்ற இடத்திலேயே நின்றார். நாலு பேனாவில் எதை எடுப்பது என்று தெரியாத மாதிரி கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்றைய பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். பதினேழு பேர் வந்திருந்தார்கள். பதினெட்டு என்று எண் போட்டு, ப. ஆறுமுகநயினார் என்று எழுதினார். எத்தனையோ ஆயிரம் பெயரைத் தடங்கலில்லாமல் எழுதிய கை, சொந்தப் பெயரில் இரண்டு இடத்தில் தடுமாறியது, எந்தப் பக்கம் சாய்ந்த எழுத்தென்று அவளால் சொல்ல முடியவில்லை. எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"பதினெட்டு" என்று ஆய்வாளரிடம் சொன்னாள். மேசைக்கடியிலிருந்து பையை இழுத்து மேலே வைத்தாள், வாரை இறுக்கிக்கொண்டு நயினார் சார் பக்கம் திரும்பினாள். "மூணு மணிக்கு இது கீழத் தெருவுக்குப் போவுது சார். வாறதுன்னா வாங்க. வெலாசம் உங்களுக்குத் தெரியும்லா."